பரோக்ஸெட்டின், ஃப்ளூவாக்ஸெட்டின்: ஒரு வேளை தவறினால் என்ன ஆகிறது

மனச்சோர்வுக்கு நான் இரண்டு மாத்திரைகள் சாப்பிட்டிருக்கிறேன். முதல் எட்டு மாதம் பரோக்ஸெட்டின். அதன்பின் இரண்டு வருடமாக ஃப்ளூவாக்ஸெட்டின். இரண்டுமே 20 மில்லிகிராம். எது பரவாயில்லை என்று கேட்டால் ஃப்ளூவாக்ஸெட்டின் பக்கம்தான் சாய்வேன்.

மூளையில் இரண்டும் செய்யும் முக்கிய வேலை ஒன்றுதான். நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களில் ஒன்று செரட்டோனின். நரம்பணு வெளியே விடும் செரட்டோனினில் பெரும்பகுதியை அதுவே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சும் புரதத்தை இந்த மாத்திரைகள் அடைக்கின்றன. வழக்கமான அளவில் சுமார் 80 சதவீதம் அடைபடுகிறது, அதுவும் சில மணி நேரத்திலேயே. அப்புறம் ஏன் மனம் தெளிய வாரக்கணக்கில் ஆகிறது? மூளைத்தண்டில் ராஃபே என்ற பகுதியில்தான் செரட்டோனின் நரம்பணுக்கள் குவிந்திருக்கின்றன. அவற்றின் மேலேயே 5-எச்டி1ஏ என்ற ஏற்பிகள் உண்டு, செரட்டோனின் வந்து ஒட்டும் புரதங்கள். சுற்றிலும் செரட்டோனின் கூடியதும் இந்த ஏற்பிகள் நரம்பணுவை அடக்கிவிடும். ஆரம்ப நாட்களில் அதன் துடிப்பு குறைந்துபோகும். இரண்டு மூன்று வாரத்தில் ஏற்பிகள் மரத்துப்போக, துடிப்பு பழைய நிலைக்கு வருகிறது. உறிஞ்சும் வழி மட்டும் அடைபட்டே இருக்கிறது. எலிகளில் அளந்து பார்த்துக் கண்டது இது. மனம் தெளிவதற்கு இது மட்டுமே காரணம் என்று யாரும் அறுதியிட்டுச் சொல்வதில்லை.

பக்க விளைவுகளில் பெரிய ரகசியம் இல்லை. பரோக்ஸெட்டினில் எனக்கு வாய் உலர்ந்தது, பகலில் தூக்கம் சொக்கியது, எடையும் ஏறியது. ஃப்ளூவாக்ஸெட்டின் கொஞ்சம் உசுப்பிவிடும். அதனால் காலையிலேயே போட்டுக்கொள்கிறேன். தாம்பத்திய ஆசை குறைவது இரண்டிலும் உண்டு.

என் முடிவைத் தீர்மானித்தது வேறு. அக்கா மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனபோது பரோக்ஸெட்டின் அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காலை, பந்தியில் பக்கத்து இலைக்காரர் கூப்பிட்டாரே என்று கண்ணைத் திருப்பினேன். மண்டைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஒரு சுளீர். தண்ணீர் டம்ளரை எடுக்கப் பார்வையை நகர்த்தினால் இன்னொன்று. சாயங்காலத்துக்குள் தலைசுற்றல், குமட்டல், காரணமில்லாத அழுகை. நோய்தான் திரும்பிவிட்டது என்று நடுங்கிப்போனேன். டாக்டருக்கு போன் செய்தபோதுதான் அது மருந்து திடீரென நின்றதால் வந்த தவிப்பு என்று தெரிந்தது.

பரோக்ஸெட்டினின் அரை ஆயுள் ஏறக்குறைய 21 மணி நேரம். அதாவது ஒரு நாளுக்குள் பாதி போய்விடும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இந்த மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை இந்த மருந்தே அடக்கி வைத்திருக்கிறது. வேளை தவறி ரத்தத்தில் அளவு இறங்கினால் நொதி விடுபட்டு, மிச்சத்தையும் வேகமாகக் கழிக்க ஆரம்பிக்கும். இறங்க இறங்கச் சரிவு செங்குத்தாகிறது. வாரக்கணக்கில் பழகிப்போன நரம்பணுக்களுக்குச் சுதாரிக்க நேரம் கிடைப்பதில்லை.

ஃப்ளூவாக்ஸெட்டினைத் தொடர்ந்து சாப்பிடுபவருக்கு அதன் அரை ஆயுள் 4 முதல் 6 நாள். உடம்பில் அது நார்ஃப்ளூவாக்ஸெட்டினாக மாறும். அதற்கும் அதே அடைக்கும் வேலை, அரை ஆயுள் 4 முதல் 16 நாள். போன பொங்கலுக்கு இரண்டு நாள் விட்டுப்போனது. எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

இந்த மெதுவே அதன் குறையும்கூட. ரத்தத்தில் நிலைபெற நாலைந்து வாரம் ஆகும். ஒத்துக்கொள்ளாவிட்டால் சட்டென்று வெளியேறாது. எம்.ஏ.ஓ.ஐ. என்ற இன்னொரு வகை மனச்சோர்வு மருந்துக்கு மாற வேண்டுமென்றால் 5 வாரம் காத்திருக்க வேண்டும். பரோக்ஸெட்டினுக்கு 2 வாரம் போதும். மார்பகப் புற்றுக்கு டமாக்ஸிஃபென் சாப்பிடுபவர்களுக்கு இரண்டுமே ஆகாத துணை. அந்த மருந்தை வேலை செய்யவைக்கும் நொதியை இரண்டும் தடுக்கின்றன.

எனக்கு இருந்தது மனச்சோர்வு மட்டும். திடீர் பீதி, கூட்டத்தைக் கண்டால் பதற்றம் உள்ளவர்களுக்குப் பரோக்ஸெட்டினைப் பரவலாக எழுதிக்கொடுக்கிறார்கள். அவர்கள் அனுபவம் வேறாக இருக்கலாம், அதைப் பற்றி நான் பேசக்கூடாது. ஆனால் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். என் டாக்டர் பரோக்ஸெட்டினை முதலில் 10 மில்லிகிராமாக இறக்கி, சில வாரம் கழித்துத்தான் ஃப்ளூவாக்ஸெட்டினுக்கு மாற்றினார். அந்தச் சுளீர் அப்போதும் இரண்டு முறை வந்தது, படிக்கட்டில் இறங்கும்போது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதோடு சரி.