எட்டு மாதம், ஒரு நாவல்: பிரச்சாரம் எந்த இடத்தில் கதையாகிறது?

ரஷ்யாவில் பிறந்த அமெரிக்க எழுத்தாளர் அய்ன் ராண்டின் ‘அட்லஸ் ஷ்ரக்ட்’ நாவலை ஒருவழியாகப் படித்து முடித்துவிட்டேன். தை மாதம் ஆரம்பித்தது, ஆவணியில்தான் கடைசிப் பக்கம் வந்தது. நடுவில் இரண்டு முறை மூடி வைத்திருந்தேன். 1957-இல் வெளிவந்த, ஆயிரத்துச் சொச்சம் பக்கம் கொண்ட புத்தகம். நான் சிறுகதை எழுதுகிறவன். அதனால் எந்த இடத்தில் கதை என்னை இழுத்தது, எந்த இடத்தில் கைவிட்டது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே படித்தேன். இது அந்தக் குறிப்புகளை வைத்து எழுதுவது.

கதை இதுதான். அமெரிக்காவில் அரசுக் கட்டுப்பாடுகள் இறுகிக்கொண்டே போகின்றன. திறமையான தொழிலதிபர்களும் கண்டுபிடிப்பாளர்களும் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். டாக்னி டாகர்ட் என்ற பெண் தன் குடும்பத்தின் ரயில் நிறுவனத்தைக் காப்பாற்றப் போராடுகிறாள். அடுத்தவரின் தேவையைக் காட்டி ஒருவரின் உழைப்பைப் பிடுங்கக் கூடாது என்பது ஆசிரியரின் வாதம். ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் அவருடைய அப்பா நடத்திய மருந்துக்கடையை, 1917 புரட்சிக்குப் பிறகு ஆட்சிக்கு வந்த போல்ஷ்விக்குகள் (கம்யூனிஸ்டுகள்) பறிமுதல் செய்தார்கள். அதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு எரிச்சல் பாதி குறைந்தது. அவருடைய அரசியல் எனக்கு ஒத்துவரவில்லை. ஆனால் இங்கே நான் பேச நினைப்பது எழுத்தைப் பற்றி.

முதல் பாகத்தில் ஒரு ரயில் ஓட்டம் வருகிறது. புதுவகை உலோகத்தில் செய்த, பச்சையும் நீலமும் கலந்த தண்டவாளம். பாலம் தாங்காது என்று ஊரே சொல்கிறது. டாக்னியும் அந்த உலோகத்தை உருவாக்கிய ரியர்டனும் என்ஜின் அறையிலேயே நின்றுகொண்டு, மணிக்கு 100 மைல் வேகத்தில் அந்தப் பாலத்தைக் கடக்கிறார்கள். ஆசிரியரின் கொள்கை முழுவதும் அந்த ஓட்டத்துக்குள் இருக்கிறது. அதை யாரும் வாய்விட்டு விளக்க வேண்டியிருக்கவில்லை. இரவு ஒரு மணிவரை படித்தேன்.

மூன்றாம் பாகத்தின் ஏழாவது அத்தியாயத்தில் நாயகன் ஜான் கால்ட் வானொலியைக் கைப்பற்றிப் பேச ஆரம்பிக்கிறான். கதைக்குள் மூன்று மணி நேரப் பேச்சு. என் பிரதியில் கிட்டத்தட்ட 60 பக்கம். எனக்கு 19 நாள் ஆனது. இதை எழுத ராண்டுக்கு இரண்டு வருடம் பிடித்ததாம். பதிப்பாளர் பென்னட் செர்ஃப் சுருக்கித்தரக் கேட்டபோது, “பைபிளை வெட்டுவீர்களா?” என்று கேட்டு மறுத்துவிட்டாராம். அந்தப் பிடிவாதத்தை என்னால் மதிக்க முடிகிறது. ஆனால் 60 பக்கத்தில் ஒருவர்கூடக் குறுக்கிடுவதில்லை, ஒரு நாற்காலிகூட நகர்வதில்லை. அவன் சொல்வதெல்லாம் முந்தைய ஆயிரம் பக்கத்தில் நாம் கண்ணால் பார்த்தவைதான். இந்த நாவலுக்குப் பிறகு 1982-இல் இறக்கும்வரை அவர் இன்னொரு நாவல் எழுதவில்லை, கட்டுரைகள்தான் எழுதினார். ஒரு கதாசிரியராக அது எனக்கு வருத்தமாக இருந்தது.

இன்னொரு இடம் வருத்தத்தைத் தாண்டி வலித்தது. சுரங்கப்பாதை விபத்து. நீராவி என்ஜின் பூட்டிய ரயிலை நீண்ட சுரங்கத்துக்குள் அனுப்புகிறார்கள், புகையில் எல்லோரும் சாகப்போகிறார்கள். அதற்கு முன்னால் ஆசிரியர் பெட்டி பெட்டியாகப் போய், இன்ன படுக்கையில் இருப்பவர் இன்ன கருத்து உடையவர் என்று சொல்லிக்கொண்டே வருகிறார். இவர்களில் யாருமே குற்றமற்றவர் இல்லை என்பது அதன் சாரம். அந்தப் பட்டியலில் ஒரு தாய், இரண்டு குழந்தைகளை மேல் படுக்கையில் போர்த்தித் தூங்கவைத்திருக்கிறாள். அந்தப் போர்வையைக் காட்டிவிட்டு எப்படி அடுத்த வரிக்குப் போக முடிந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

சரி, இதே நாவலில் பல பக்கம் நீளும் இன்னொரு பிரசங்கத்தை மூன்று முறை திரும்பப் படித்தேன். டிக்கெட் இல்லாமல் ஏறிய நாடோடி ஒருவனை, ஓடும் ரயிலிலிருந்து இறக்கிவிடப் பார்க்கிறார்கள். அவன் தன் சின்ன அழுக்கு மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறான். சட்டைக் காலர் மட்டும் துவைத்திருக்கிறது. அந்தக் காலரையும் மூட்டையைப் பிடித்த கையையும் பார்த்துத்தான் டாக்னி அவனைச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். தான் வேலை பார்த்த மோட்டார் தொழிற்சாலையில், திறமைக்கேற்ற உழைப்பு, தேவைக்கேற்ற கூலி என்று திட்டம் கொண்டுவந்த கதையை அவன் சொல்கிறான். அங்கே ஒருவருக்கு இசைத்தட்டு என்றால் உயிர். அது ஆடம்பரம் என்று மறுத்துவிட்டு, ஒரு சிறுமியின் பல்லுக்குத் தங்கக் கம்பி கட்டப் பணம் ஒதுக்குகிறார்கள். அவர் குடிக்க ஆரம்பிக்கிறார். ஒருநாள் அந்தச் சிறுமியைத் தெருவில் பார்த்தவர், ஓங்கிக் குத்திப் பல்லை உடைத்துவிடுகிறார்.

கருத்து கால்ட் சொல்வதேதான், ஆனால் இங்கே சுடுகிறது. ஏனென்றால் இவன் அந்தத் திட்டத்துக்குக் கைதூக்கி ஓட்டுப் போட்டவன். தன் வெட்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறான். கால்ட் எதையும் தவறாகச் செய்தவன் இல்லை, அதனால் அவன் வாயில் எல்லாமே தீர்ப்பாகிவிடுகிறது. இந்த வித்தியாசத்துக்காகவே எட்டு மாதம் செலவழித்தது தகும் என்று சொல்வேன். எழுதுகிற நண்பர்கள் வானொலி உரையைப் பத்துப் பக்கம் பார்த்துவிட்டுத் தாண்டிப் போகலாம். நாடோடியின் பகுதியைத் தாண்ட வேண்டாம்.

என் மேஜையில் பாதியில் நின்ற கதை ஒன்று இருந்தது, நிலத்தடி நீர் பற்றியது. ஊர்க் கூட்டத்தில் பள்ளிக்கூட வாத்தியார் எழுந்து இரண்டு பக்கம் பேசுவார். அவர் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை, கதை மட்டும் அசையாமல் கிடந்தது. போன மாதம் வாத்தியாரை எடுத்துவிட்டேன். பேச்சை, தண்ணீர் லாரிக்காரருக்குத் தன் கிணற்றை எழுதிக்கொடுத்த பெரியவரிடம் கொடுத்தேன். அவர் வாய்க்கு வந்ததும் இரண்டு பக்கம் நான்கு வரியாகச் சுருங்கிவிட்டது. அப்புறம் குடத்தோடு வரிசையில் நிற்கும் பேத்தி, “அப்ப ஏன் தாத்தா கையெழுத்துப் போட்டீங்க?” என்று கேட்கிறாள். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்கிறார். அந்தக் கேள்விக்கு ஒரு வாரமாகப் பதில் எழுதிப் பார்த்தேன். எதுவும் அவர் பேச்சாக வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.