வைராக் எச்.டபிள்யூ. 30 எஸ்: குறி பழகத் தொடங்குபவருக்கான ஏர் ரைபிள்

ஜெர்மனியின் மெல்ரிக்ஸ்டாட் ஊரில் தயாராகும் இந்த ரைபிளுக்கு வாயுக் குப்பியோ பம்ப்போ தேவையில்லை. பேரலை மடக்கினால் ஸ்பிரிங் அழுந்தும். டிரிகரை இழுத்ததும் பிஸ்டன் பாய்ந்து காற்றை நெருக்கி, 4.5 மி.மீ. பெல்லட்டை, அதாவது சிறு குண்டை, தள்ளும். எடை சுமார் இரண்டரைக் கிலோ. ஜெர்மனியில் விற்கும் 7.5 ஜூல் வகையில் 0.53 கிராம் பெல்லட் நொடிக்கு அதிகபட்சம் 168 மீட்டர் போகும். வேகம் போதாது என்று இதை ஒதுக்குவது தவறு. 10 மீட்டர் காகித இலக்குக்கு இது தாராளம். மடக்க அதிக பலம் வேண்டாம் என்பதால் நீண்ட நேரம் பழகினாலும் கை நடுங்காது.

இதன் உயிர் ‘ரெகார்டு’ எனப்படும் இரு கட்ட டிரிகர்தான். முதல் கட்டம் இலகுவாக வந்து ஓரிடத்தில் நிற்கும். அதற்கு மேல் சிறிது அழுத்தினால் தெளிவாக விடுபடும். டிரிகருக்குப் பின்னுள்ள திருகைத் தளர்த்தினால் இழுவை குறையும். கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பிப் பாருங்கள். முழுக்கக் கழற்றிவிடக் கூடாது.

குண்டுகள் சிதறினால் பலரும் பேரலைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் பிடிப்பு. பிஸ்டன் முன்னே பாயும்போது ரைபிள் பின்னே உதைக்கும். பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னே இழுக்கும். பெல்லட் பேரலை விட்டு வெளியேறும் முன்பே இந்த ஆட்டம் தொடங்கிவிடுகிறது. இறுக்கிப் பிடித்தால் அது ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி அமையும். பேரல் பக்கமுள்ள முன்கட்டையை விரித்த உள்ளங்கையில் சும்மா கிடத்துங்கள், விரல்களால் பற்ற வேண்டாம். தோளிலும் மெதுவாகவே சாத்துங்கள். மேசை விளிம்பிலோ கல்லிலோ நேரடியாக வைத்தால் குண்டு துள்ளி மேலே போகும். மணல்பை மேல் கையை வைத்து, கை மேல் ரைபிளை வையுங்கள்.

குறி பார்க்கும் முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் இடையே 40 செ.மீ. எனக் கொண்டால், பின்சைட்டின் பள்ளத்துக்குள் முன்சைட் 1 மி.மீ. விலகினாலே 10 மீட்டரில் 25 மி.மீ. தவறும். ஆகவே கண்ணின் கூர்மை முன்சைட்டில் இருக்கட்டும். இலக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ, பின்சைட்டை அந்தப் பக்கமே நகர்த்துங்கள். மூன்று குண்டு பார்த்து முடிவெடுக்காதீர்கள், குறைந்தது ஐந்து வேண்டும்.

பெல்லட்டுக்கு ஒரே விதி: இரண்டு மூன்று வகைகளைச் சுட்டுப் பார்த்து, நெருக்கமாக விழுவதையே தொடர்ந்து வாங்குங்கள். காகிதத்துக்குத் தட்டைத் தலை நல்லது, துளை சுத்தமாக விழும்.

முன்கட்டையின் இரு பக்கத் திருகுகளும் டிரிகர் காப்பின் திருகும் அதிர்வில் தளரும். நேற்று வரை ஒன்றாக விழுந்த குண்டுகள் இன்று பரவினால் முதலில் இவற்றைப் பாருங்கள். அடுத்து பேரல் மூட்டு: அதன் மேல் மெல்லிய காகிதத் துண்டை வைத்துச் சுடுங்கள். காகிதம் பறந்தால் மூட்டின் சீல் (காற்றை அடைக்கும் வளையம்) கசிகிறது. காற்றுத் துளையில் எண்ணெய் விடாதீர்கள். அழுத்தத்தில் அது தீப்பற்றி வெடிக்கும், வேகம் குண்டுக்குக் குண்டு மாறும். பெல்லட் இல்லாமல் சுட்டால் பிஸ்டனைத் தாங்கும் காற்று மெத்தை இராது. பிஸ்டன் நேராக முட்டி, அதன் சீலும் ஸ்பிரிங்கும் கெடும்.

பேரலை மடக்கியதும் பாதுகாப்புப் பொத்தான் தானே டிரிகரைப் பூட்டிவிடும். ஆனாலும் பெல்லட் இடும்போது மடக்கிய பேரலை மறுகையால் பிடித்தே இருங்கள். டிரிகர் தவறினால் பேரல் மேலே அடித்து விரலை நசுக்கும்.