பாளையங்கோட்டை பைலட் படிப்பு வழிகாட்டி வகுப்பு: 5க்கு 4

போன ஞாயிறு பாளையங்கோட்டையில் ஒரு மண்டபத்து மாடியில் நடந்த பைலட் படிப்பு வழிகாட்டி வகுப்புக்கு முக்கூடலில் இருந்து மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஆளுக்கு 500 ரூபாய், காலை 10 மணி முதல் மாலை 4 வரை.

மதியம் வரை சுமார்தான். மருத்துவச் சான்று, கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும் என்பதெல்லாம் போனில் தேடினாலே கிடைக்கும். வாசலில் ‘மாதம் 5 லட்சம் சம்பளம்’ என்று பேனர் வைத்திருந்தார்கள், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நிலத்தை விற்றுப் படிக்க வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டு வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் உள்ளே வருகிறார்கள்.

ஆனால் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு ரிட்டயர்டு கேப்டன் பேசிய ஒன்றரை மணி நேரத்துக்கே 500 ரூபாய் தகும். பெயரை மறைத்து ஒரு சம்பளச் சீட்டு நகலைக் கையில் கொடுத்து வரி வரியாகப் படிக்கச் சொன்னார். அடிப்படைச் சம்பளம் ஒரு வரி, பறக்கிற மணிக்கு இவ்வளவு என்று படி ஒரு வரி, அப்புறம் கம்பெனி உறுதியாகத் தரும் குறைந்தபட்ச மணி நேரம், அதாவது அவ்வளவு பறக்காவிட்டாலும் அத்தனை மணிக்குப் பணம் உண்டு. மூன்றாவதை முதலில் பாருங்கள் என்றார். மணிக்கணக்கு பெரும்பாலும் விமானம் நகரத் தொடங்கி மறுபடி வந்து நிற்கும் வரைதான், ஏர்போர்ட்டில் யூனிபார்மோடு காத்துக் கிடப்பது அதில் சேராது.

எங்கள் அம்மா 30 வருடம் பீடி சுற்றியவர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று சங்கம் பேசிக் கூலியை ஏற்றும், ஆனால் கடையில் இலையைக் குறைத்துக் கொடுத்த வாரம் அந்த உயர்வு வீட்டுக்கு வராது. சுளகில் தூள் மிச்சம் கிடக்கும், இலை தீர்ந்திருக்கும், அம்மா சும்மா உட்கார்ந்திருப்பார். இதைக் கேப்டனிடம் சொன்னேன். "அதேதான் அண்ணாச்சி, எங்களுக்கு மணி நேரம்தான் இலை" என்றார். 2023 ஏப்ரலில் ஏர் இந்தியா புதிய சம்பள முறையைக் கொண்டுவந்தபோது மாதத்துக்கு உறுதி மணி நேரம் 70இல் இருந்து 40 ஆனதையும் இரண்டு பைலட் சங்கங்களும் எதிர்த்ததையும் விளக்கினார்.

வெளிநாட்டுக் கதையும் நன்றாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் பைலட்டுகளுக்கு அவார்டு என்று ஒன்று உண்டு, சம்பளமும் சலுகையும் அதற்குக் கீழே போகக் கூடாது. கம்பெனியோடு சேர்ந்து பேசிப் போடும் ஒப்பந்தம் அதைவிட மொத்தத்தில் மேலாக இருந்தால்தான் அங்குள்ள ஆணையம் ஏற்கும். 1989இல் 29.47 சதவீதம் உயர்வு கேட்டுக் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டும் வேலை செய்தார்கள், பிறகு கூட்டமாக ராஜினாமா செய்தார்கள், அரசாங்கம் பயணிகளை ஏற்றிப்போக விமானப் படையை இறக்கியது, பைலட்டுகள் தோற்றுப்போனார்கள். அமெரிக்காவில் ரயில்வே தொழிலாளர் சட்டத்தையே 1936இல் விமானத்துக்கும் நீட்டினார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் புதியது வரும் வரை பழையதே ஓடும்.

குறை என்றால், நம் நாட்டு ஒப்பந்தங்கள் பற்றிய பகுதியை அவசரமாக முடித்துவிட்டார்கள். மில்லிலும் பஸ் டெப்போவிலும் வேலை பார்த்தவர்களுக்கு தொழில் தகராறு சட்டத்தில் இருந்த 12(3) ஒப்பந்தம் என்றால் தெரியும், சங்கம் ஒரு பக்கம், நிர்வாகம் ஒரு பக்கம், நடுவில் தொழிலாளர் துறை அதிகாரி. கம்பெனி நீட்டுகிற தாளில் ஒவ்வொரு பைலட்டும் தனியாகக் கையெழுத்துப் போடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்பதற்குக் குறைந்தது அரை மணி நேரமாவது ஒதுக்கியிருக்க வேண்டும். பயிற்சிக்கான பாண்டு, அதாவது இத்தனை காலம் வேலை பார்க்காமல் விலகினால் பணம் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுக்கும் பத்திரம் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

"பிடிக்காவிட்டால் வேறு கம்பெனிக்குப் போகலாமா சார்?" என்று மகள் கேட்டாள். கேப்டனாக இருந்தால் ஒரு வருடம், துணை விமானியாக இருந்தால் 6 மாதம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்ற விதியைச் சொன்னார். பேரத்தில் யார் கை ஓங்கும் என்பது அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது, நோட்டில் இரண்டு கோடு போட்டு எழுதிக்கொண்டாள்.

அடுத்த வகுப்பு தென்காசியில் என்றார்கள். கேப்டன் வருவாரா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். அந்தப் பேனரை மாற்றச் சொல்லி நடத்துகிறவர்களிடம் நேரிலேயே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.