பிரதாப முதலியார் சரித்திரம்: மலிவுப் பதிப்பு வாங்கலாமா?

நீதிமன்ற ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் தொழில். 1879இல் வெளிவந்த இந்த நாவலை மொழிக்காகவே வாங்கினேன். மூலத்தில் கை வைக்காமல் அச்சிட்டிருக்கிறார்கள். அதற்கே பதிப்பகத்தாருக்கு நன்றி சொல்ல வேண்டும். பழைய சொற்களை எடுத்துவிட்டு இன்றைய தமிழைப் போட்டிருந்தால் கதை மிஞ்சியிருக்கும், காலம் காணாமல் போயிருக்கும்.

நாவலை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக, அதாவது கீழ் நீதிமன்ற நீதிபதியாக, இருந்தவர். நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி 1862இலேயே நூலாக வெளியிட்டவர். அந்தப் பழக்கம் நாவல் நெடுகத் தெரிகிறது. பாரசீகர் வழி வந்த வக்கீல், ஆங்கிலேயர் கொண்டுவந்த கோர்ட்டு, வடமொழி நியாயாதிபதி ஆகிய சொற்கள் கூச்சமில்லாமல் அருகருகே வருகின்றன. தமிழகத்தை யார் யார் ஆண்டார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஆங்கிலத்தில் வாதாடும் தமிழ் வக்கீல்களைப் பற்றிய பகுதியை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நீதிபதி தமிழர், வக்கீல் தமிழர், வழக்கு நடக்கும் இடமும் தமிழ்நாடு. பிறகு யாரைக் குளிர்விக்க இந்த ஆங்கிலம் என்று கேட்கிறார். வெள்ளைக்கார அரசிடம் சம்பளம் வாங்கிய ஒருவர் எழுதியது இது. தன் வழக்கில் என்ன பேசினார்கள் என்று புரியாமல் வெளியே வரும் கட்சிக்காரரை உயர் நீதிமன்ற வாசலில் இன்றும் பார்க்கலாம். எனக்கு அந்தப் பக்கங்கள் பழையனவாகத் தோன்றவே இல்லை.

குறையும் உண்டு. கதாநாயகி ஞானாம்பாள் முதல் வேலைக்காரர் வரை எல்லோரும் ஆசிரியரின் நடையிலேயே பேசுகிறார்கள். ஆளுக்கொரு பேச்சைக் கேட்க, 1893இல் விவேக சிந்தாமணி இதழில் தொடராக வரத் தொடங்கிய ராஜமையரின் கமலாம்பாள் சரித்திரத்துக்குத்தான் போக வேண்டும். வீட்டுப் பேச்சு அங்கேதான் நாவலுக்குள் உயிரோடு நுழைகிறது.

இந்தப் பதிப்பின் மேல் எனக்கு உண்மையான கோபம் ஒன்றுதான்: ஆசிரியரின் முன்னுரையை விட்டுவிட்டார்கள். தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையைத் தீர்க்கவே எழுதினேன் என்று அவர் சொல்லும் இடம் அது. அதை நீக்கியது பெரிய தவறு. அருஞ்சொல் அகராதியும் இல்லை. கல்லூரி மாணவர் திணறுவார். எழுத்து அளவு கண்ணுக்கு இதம். கட்டுமானம் சுமார், அகல விரித்தால் தாள் பெயர்கிறது.

பழைய தமிழ் நடையில் ஓரளவு பழக்கமுள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம். மற்றவர்கள் முன்னுரையும் சொற்பொருளும் சேர்ந்த பதிப்பைத் தேடுவது நல்லது.