பூஞ்சையும் தூசியும்: மூக்கை எதனால் மூடுவது, சுவரை எதனால் துடைப்பது?

அலமாரியை நகர்த்தியதும் அதன் பின்சுவரில் கரும்பச்சையாகப் பூஞ்சை படர்ந்திருப்பதைக் காண்பவர்கள் முதலில் தேடுவது துடைப்பத்தைத்தான். மூக்கையும் கண்ணையும் எதனால் காப்பது என்ற கேள்வி பெரும்பாலும் முதல் தும்மலுக்குப் பிறகே எழுகிறது. அப்போது நமக்கு முன்னால் இருப்பவை நான்கு: துண்டு அல்லது கைக்குட்டை, மருத்துவமனைகளில் அணியும் மூன்றடுக்கு முகக்கவசம், என்95 வகை முகக்கவசம், வடிகட்டியை மாற்றிக்கொள்ளக்கூடிய ரப்பர் முகக்கவசம். இவற்றுள் எது நல்லது என்பதை வடிகட்டும் விழுக்காட்டை மட்டும் பார்த்துத் தீர்மானிப்பதே நாம் வழக்கமாகச் செய்யும் பிழை.

முதலில் எதைத் தடுக்கப் போகிறோம் என்று பார்ப்போம். பூஞ்சையின் வித்துகள் பெரும்பாலும் 2 முதல் 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வரை அளவுள்ளவை. வீட்டுச் சுவர்களில் அடிக்கடி காணப்படும் ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் ஆகிய பூஞ்சைகளின் வித்துகள் அந்த வரம்பின் கீழ்ப்பகுதியில், ஏறத்தாழ 2 முதல் 5 மைக்ரானுக்குள் அடங்கிவிடும். காய்ந்த பூஞ்சையைச் சுரண்டும்போது அதைவிடச் சிறிய துணுக்குகளும் பறக்கின்றன. ஒட்டடையின் இழைகளும் பெரிய தூசித் துகள்களும் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கித் தும்மலாக வெளியேறிவிடும். ஆனால் இந்த நுண்ணியவை மூச்சுக்குழாயைத் தாண்டி நுரையீரலுக்குள் ஆழமாகச் செல்லக்கூடியவை.

மூக்கில் கட்டிக்கொள்ளும் துண்டு, கண்ணுக்குத் தெரியும் குப்பையைத் தடுக்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. நெய்த துணியின் இழைகளுக்கு இடையே உள்ள துளைகள் வித்துகளைவிடப் பல மடங்கு பெரியவை. துண்டை நனைத்துக் கட்டினால் பாதுகாப்பு கூடும் என்று பலர் நம்புகிறார்கள். ஈரத் துணி வழியாக மூச்சிழுப்பது கடினமாவதால், காற்று துணியை விட்டுவிட்டுக் கன்னத்து ஓரங்களில் உள்ள இடைவெளிகள் வழியாகவே அதிகம் நுழையும் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

மூன்றடுக்கு முகக்கவசத்தின் கதை சற்று வேறு. அதன் நடு அடுக்கு உண்மையிலேயே நல்ல வடிகட்டி. ஆனால் அணிந்திருப்பவரின் வாயிலிருந்து தெறிக்கும் துளிகள் பிறர்மேல் படாமலும், எதிரே தெறிப்பவை அணிந்தவரின் வாயிலும் மூக்கிலும் படாமலும் தடுப்பதற்காக உருவாக்கப்பட்ட பொருள் அது. கன்னத்தின் இருபுறமும் திறந்தே இருக்கிறது. துணியைவிட மேல், ஆனால் பூஞ்சைக்குப் போதாது.

என்95 என்ற பெயரில் உள்ள எண், எளிதில் ஊடுருவக்கூடிய 0.3 மைக்ரான் அளவிலான துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டை அந்தத் துணி தடுக்கிறது என்பதைக் குறிக்கிறது. ஐரோப்பியத் தரமான எஃப்எஃப்பி2 குறைந்தது 94 விழுக்காட்டைத் தடுக்க வேண்டும். வீட்டுப் பயன்பாட்டில் இரண்டையும் ஒன்றாகவே கருதலாம். 0.3 மைக்ரானைவிடச் சிறியவை காற்றில் தத்தளித்து இழைகளில் மோதி ஒட்டிக்கொள்ளும். பெரியவை நேராகச் சென்று மோதிச் சிக்கும். நடுவில் இருப்பவையே தப்புவதில் வல்லவை. சோதனைத் துகளைவிடப் பல மடங்கு பெரிதான பூஞ்சை வித்து இந்தத் துணியில் அகப்படுவது எளிது. ஆகவே என்95 அணிந்தும் ஒருவர் தும்முகிறார் என்றால், குறை துணியில் இருப்பதைவிட விளிம்பில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அந்த விளிம்பைத்தான் நாம் கவனிக்க வேண்டும். காதில் மாட்டும் வகையைவிடத் தலையைச் சுற்றி இரண்டு பட்டைகளால் இறுகும் வகை முகத்தோடு நன்றாகப் பொருந்துகிறது. மூக்குக் கம்பியை ஒரு கையால் கிள்ளாமல், இரு கைகளின் விரல்களாலும் மூக்கின் வடிவத்துக்கு அழுத்திப் படியவைக்க வேண்டும். பிறகு பலமாக மூச்சை வெளிவிட்டுப் பார்க்க வேண்டும். கண்ணருகே காற்று பட்டாலோ மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தாலோ அது சரியாக அமரவில்லை. தாடி இருந்தால் எந்த முகக்கவசமும் முழுமையாகப் படியாது என்பதை வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்னொன்று, இந்தத் துணியின் இழைகளில் ஏற்றப்பட்டிருக்கும் மின்னூட்டமே துகள்களை இழுத்துப் பிடிக்கிறது. சோப்பு நீரில் துவைத்தாலோ சாராயம் கலந்த கிருமிநாசினியைத் தெளித்தாலோ அந்த மின்னூட்டம் போய்விடும். பார்வைக்குப் புதிதாகத் தெரியும், வேலை மட்டும் செய்யாது.

ரப்பர் அல்லது சிலிக்கோன் விளிம்புள்ள அரைமுகக் கவசத்தில் பி100 வடிகட்டிகளைப் பொருத்தினால் 99.97 விழுக்காடு தடுக்கப்படும். 95-க்கும் 99.97-க்கும் இடையே பெரிய வேறுபாடு இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு நிர்வாகம், முகத்துக்குப் பொருந்துகிறதா என்று முறைப்படி சோதித்து அணியும் நிலையில், என்95-க்கும் ரப்பர் அரைமுகக் கவசத்துக்கும் ஒரே பாதுகாப்பு மதிப்பையே அளிக்கிறது: 10. அதாவது, வெளியே உள்ள துகள்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உள்ளே வராது என்று எதிர்பார்க்கலாம். கண்ணையும் சேர்த்து மூடும் முழுமுகக் கவசத்துக்கு அந்த மதிப்பு 50. வடிகட்டியின் தரத்தைவிட முகத்தோடு பொருந்தும் தன்மையே முடிவைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ரப்பர் கவசம் வெல்லும் இடம் வேறு. நாள்முழுதும் நீளும் வேலையில் வியர்வையால் என்95 நைந்து தளரும்போதும் இது படிந்தே இருக்கும். விளிம்பைக் கழுவி மீண்டும் அணியலாம். ஆவிகளைத் தடுக்கும் வடிகட்டியையும் இதில் இணைக்கலாம். எடையும் புழுக்கமும் இதன் குறைகள். ஓர் அறை, ஒரு மூலை, ஒரு பிற்பகல் என்றால் நான் என்95-ஐயே தேர்ந்தெடுப்பேன். பல நாள்கள் தொடரும் வேலைக்கு ரப்பர் கவசம். ஆஸ்துமா, இதயநோய் உள்ளவர்கள் இரண்டில் எதை அணிவதற்கு முன்பும் மருத்துவரைக் கேட்பது நல்லது. உண்மையில், ஆஸ்துமா உள்ளவர்களும் நோயெதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் பூஞ்சை அகற்றும் வேலையைப் பிறரிடம் விட்டுவிடுவதே சரி.

கண்ணுக்குச் சாதாரண மூக்குக்கண்ணாடி போதாது. பூஞ்சை அகற்றுவதற்குக் காற்றுத் துளைகள் இல்லாத, முகத்தோடு ஒட்டிய பாதுகாப்புக் கண்ணாடியையே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பரிந்துரைக்கிறது. கையுறை முன்கையின் பாதிவரை நீண்டிருக்க வேண்டும்.

இவ்வளவு அணிந்தாலும், துடைக்கும் முறை தவறானால் பயன் குறைவு. உலர் துடைப்பம், தூசி உறிஞ்சி, ஈரத்துணி ஆகிய மூன்றில், பழகிய கை தேடும் உலர் துடைப்பமே மோசமானது. தரையில் அமைதியாகக் கிடந்ததை அது மூச்சின் உயரத்துக்குத் தூக்கிவிடுகிறது. சாதாரண தூசி உறிஞ்சி பெரியவற்றை விழுங்கி, நுண்ணியவற்றில் ஒரு பகுதியைப் பின்புறம் வழியாக அறைக்கே திருப்பி ஊதுகிறது. நுண்ணிய துகள்களையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியுடன், காற்று கசியாமல் அமைந்த உறிஞ்சி மட்டுமே இதற்கு விலக்கு. ஈரத்துணியோ எல்லாரிடமும் இருப்பது. தூசியை எழும்பவே விடாதது. பூஞ்சையாக இருந்தால், மின்விசிறியை நிறுத்திவிட்டு, சோப்பு கலந்த நீரை மெதுவாகத் தெளித்து நனைத்த பிறகே தேய்க்க வேண்டும். இந்த ஒரு செயல், மேலே சொன்ன முகக்கவச வேறுபாடுகளில் பலவற்றைவிட அதிகம் காக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

பிளீச்சிங் திரவமா, சோப்பு நீரா என்ற கேள்வியில் எனக்குத் தயக்கமில்லை. செத்த பூஞ்சையும் ஒவ்வாமையைத் தரும் என்பதால், கொல்வதைவிடத் தேய்த்து அகற்றுவதே முக்கியம். கழுவக்கூடிய கடினப் பரப்புகளுக்குச் சோப்பு நீர் போதும். பிளீச்சிங்கின் ஆவியை என்95 தடுக்காது. அதை அமோனியாவுடனோ, கழிப்பறைக்கான அமிலத்துடனோ, வினிகருடனோ கலந்தால் நச்சு வாயு உருவாகும்.

பூஞ்சை ஏறத்தாழ 10 சதுர அடிக்கு மேல் பரவியிருந்தாலோ, கழிவுநீர் புகுந்த இடமாக இருந்தாலோ, அனுபவமுள்ள பணியாளரை அழைப்பதே முறை. பூஞ்சை ஊறிய பஞ்சு மெத்தையைக் கழுவிக் காப்பாற்ற முயலாமல் அகற்றிவிட வேண்டும்.

கழற்றும் நேரத்தில்தான் நான் பல ஆண்டுகள் தவறு செய்திருக்கிறேன். வேலை முடிந்தது என்று அதே அறையில் நின்று முகக்கவசத்தை இறக்கிவிட்டு, இரவெல்லாம் தும்மியதுண்டு. காரணம் எளிது. அசையாத காற்றில் 10 மைக்ரான் துகள் ஆளுயரத்திலிருந்து தரையை அடையச் சில நிமிடங்களே ஆகும். 3 மைக்ரான் அளவுள்ள வித்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். 1 மைக்ரான் துணுக்குக்கு ஏறத்தாழ அரை நாள். கண்ணுக்கு அறை தெளிந்த பிறகும் காற்று தெளிந்திருக்காது. எனவே அறையை விட்டு வெளியே வந்து, கையுறையை முதலிலும் கண்ணாடியை அடுத்தும் கழற்றி, கை கழுவிய பின், முகக்கவசத்தைக் கடைசியில் பட்டைகளைப் பிடித்துக் கழற்ற வேண்டும்.