சிட்டி லைட்ஸ் புத்தகக் கடை: மாடியேறினால்தான் தெரியும்

சான் பிரான்சிஸ்கோவின் கொலம்பஸ் அவென்யூவில் இருக்கும் சிட்டி லைட்ஸ் கடைக்குப் பல வருடங்களாகப் போய்வருகிறேன். ஃப்ரீமாண்ட் பக்கம் இருக்கும் நம்மவர்கள், ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கு நகரத்தைச் சுற்றிக்காட்டும்போது இதன் வாசலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். மாடியேற வேண்டும். விஷயமே அங்கேதான்.

மேலே கவிதைக்கென்றே ஓர் அறை, அதில் ஒரு ஆடும் நாற்காலி. உட்கார்ந்து படிக்கச் சொல்லிக் கையால் எழுதிய பலகைகள். மத்தியானம் முழுக்க உட்கார்ந்து படித்துவிட்டு வெறுங்கையோடு இறங்கி வந்திருக்கிறேன். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

ஆரம்பமே அப்படித்தான். 1953-ல் பீட்டர் மார்ட்டினும் கவிஞர் லாரன்ஸ் பெர்லிங்கெட்டியும் ஆளுக்கு 500 டாலர் போட்டு, மலிவான பேப்பர்பேக் மட்டும் விற்கும் கடையாகத் தொடங்கினார்கள். பிறகு பதிப்பகமும் சேர்ந்தது. 1956-ல் ஆலன் கின்ஸ்பெர்க்கின் ‘ஹவுல்’ கவிதை நூலை வெளியிட, மறு வருடம் ஆபாச வழக்கு. பெர்லிங்கெட்டியும், கடையில் வேலை பார்த்த ஷிக் முராவோவும் கைதானார்கள். ஆபாசமில்லை என்று தீர்ப்பு வந்தது. சட்டைப்பைக்குள் அடங்கும் அந்தச் சின்னப் புத்தகத்தை இன்றும் அங்கே வாங்கலாம்.

கூட்டங்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இடம் சிறிது என்பதே இங்கே வசதி. கவிதை வாசிப்பவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பார், முடிந்ததும் அலமாரி ஓரமாகவே பேசிக்கொண்டிருக்கலாம். கேள்வி என்று ஆரம்பித்துச் சொற்பொழிவில் இறங்கும் பெரியவர்கள் நம் ஊர் இலக்கியக் கூட்டங்களுக்கு மட்டும் சொந்தமில்லை என்பதும் இங்கே தெரிந்துகொண்டதுதான். கொரோனாவுக்குப் பிறகு ஜூமிலும் கூட்டங்கள் நடத்தினார்கள். சென்னையில் இருக்கும் தோழி காலைக் காப்பியோடு வந்து சேர்ந்துகொள்வாள். அவளுக்கு அது வரம். எனக்கு அந்த மரப்படிகளில் ஏறாமல் பாதிதான் கேட்ட மாதிரி இருக்கும்.

2020-ல் கடையை மூட வேண்டி வந்தபோது வாசகர்களிடம் மூன்று லட்சம் டாலர் கேட்டார்கள். சில நாட்களிலேயே நான்கு லட்சத்தைத் தாண்டிவிட்டது. நானும் கொஞ்சம் கொடுத்தேன். மாடியில் ஓசியில் படித்ததற்கெல்லாம் கணக்குப் போட்டால் அது கம்மிதான். பெர்லிங்கெட்டி அடுத்த வருடம் தன் 101-வது வயதில் காலமானார்; கடை ஓடுகிறது.

விலையைப் பொறுத்தவரை ஆன்லைன் தள்ளுபடியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். கணினிப் புத்தகமெல்லாம் நான் வேறு இடத்தில்தான் வாங்குகிறேன். கவிதையும் மொழிபெயர்ப்பு நாவல்களும் மட்டும் இங்கே. புதிதாக ஒரு பெயரைக் கண்டுபிடிப்பது இந்த அலமாரிகளில்தான் என்பதால், அந்தப் புத்தகத்தை இங்கேயே வாங்குவதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது.

அப்புறம், கார் வேண்டாம். அந்தப் பகுதியில் நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும். பார்ட் ரயிலில் மான்ட்கோமரி நிலையத்தில் இறங்கி, சைனாடவுன் வழியாக நடந்துவிடலாம். சனிக்கிழமை சாயங்காலம் சுற்றுலாக் கூட்டம் நெரியும். வார நாளில் முற்பகல் போனால் அந்த நாற்காலி கிடைக்க வாய்ப்பு அதிகம்.