புதுசு என்று விற்ற டிஸ்குக்கு மூன்று வயது

திருகோணமலையில் ஹார்ட் டிஸ்க் வாங்க நினைக்கிறவர்கள் காசை எண்ணிக் கொடுக்குமுன் இதை ஒருக்கா வாசியுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. போட்டால் அந்த ஒரு கடையைத் தவிர்த்துவிட்டு மற்றக் கடைக்குள் நிம்மதியாகப் போவீர்கள். இதே சாமான் அங்கும் இருக்கலாம்.

உவர்மலையில் எங்கள் வீட்டு மேசைக்குக் கீழே ஒரு சேர்வர் ஓடுகிறது. பெரிதாக நினைக்காதீர்கள். ஒரு கந்தோரில் கழித்துவிட்ட பழைய கணினி, அதில் விண்டோஸுக்குப் பதிலாக டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளம், பக்கத்தில் ஒரு யூபிஎஸ், அவ்வளவுதான். வீட்டில் எல்லாருடைய போனிலும் எடுக்கிற படங்கள் இரவில் அதற்குள் போய்ச் சேரும். பழைய 2 டெராபைட் டிஸ்க் நிரம்பி வழிந்ததால், போன வருடம் மே மாதம் 8 டெராபைட் ஒன்று தேடினேன். பம்பலப்பிட்டியில் வாங்கலாம்தான். ஆனால் பழுதென்றால் இரவு ரயிலேறிக் கொழும்புக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். ஊரிலேயே வாங்கினால் பிரச்சினை என்றால் சைக்கிளில் போய் நிற்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

58,000 ரூபாய். கொழும்பு விலையைவிடக் குறைவு. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

சீகேட் கம்பனியின் டிஸ்க். வெள்ளிப் பைக்குள் சீல் வைத்து வந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஸ்மார்ட் பதிவைப் பார்த்தேன். டிஸ்க் எத்தனை மணிநேரம் ஓடியிருக்கிறது, எத்தனை செக்டர் (பதிவு எழுதுகிற சின்னக் கட்டம்) கெட்டிருக்கிறது என்று அது தானே எழுதி வைக்கிற கணக்கு அது. ஓடிய நேரம் 0. படமெடுத்து நண்பனுக்கும் அனுப்பினேன். டிஸ்கைத் திருப்பிப் பார்த்தபோது திருகாணி ஓட்டைகளில் தேய்ந்த கோடுகள் இருந்தன. கண்டேன், பெரிதாக எடுக்கவில்லை.

செப்டம்பர் 14 வரை ஒரு குறையும் இல்லை. டெபியனில் இசட்எஃப்எஸ் (டிஸ்கில் கோப்புகளை அடுக்கி வைக்கிற ஒரு முறை, நான் போட்டிருந்தது அதுதான்) போட்டிருந்தால், மாதத்தின் இரண்டாவது ஞாயிறு ஸ்க்ரப் தானாக ஓடும். டிஸ்கில் உள்ள ஒவ்வொரு துண்டையும் வாசித்து, எழுதும்போது போட்ட கணக்கோடு ஒத்துப்பார்க்கிற வேலை அது. மூன்று மாதம் சுத்தமாக வந்தது. நாலாவது மாதம் 41 கோப்புகள் கெட்டுவிட்டன என்று பெயர் பெயராகப் பட்டியல் போட்டது. முப்பத்தெட்டுக்குப் பழைய டிஸ்கில் பிரதி இருந்தது. மற்ற மூன்றும் பெரியம்மாவின் பேத்தியின் சாமத்திய வீட்டு வீடியோ. அதற்கு முந்தின வாரம்தான் ஏற்றியிருந்தேன், போனிலிருந்தும் அழித்தாயிற்று. பெரியம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஸ்மார்ட் சொன்ன ஓடிய நேரம் 2,846 மணி. நான் வாங்கிய நாளிலிருந்து எண்ணினால் சரியான கணக்கு. அப்போதுதான் 2025 ஜனவரியில் ஜெர்மனியில் வெளிவந்த சங்கதி ஞாபகம் வந்தது. 15,000 மணியிலிருந்து 50,000 மணிவரை ஓடிக் களைத்த சீகேட் டிஸ்குகளின் ஸ்மார்ட் கணக்கைத் துடைத்து, புதுசென்று விற்றிருந்தார்கள். பெரும்பாலும் சியா என்ற கிரிப்டோ நாணயத்துக்காகச் சீனாவில் ஓடியவை என்று சந்தேகப்பட்டார்கள். கம்பனியில் குற்றமில்லை, இடையில் கைமாற்றியவர்களின் வேலை.

சீகேட் டிஸ்குக்குள் ஃபார்ம் என்று, ஓடிய நேரத்தைத் தனியாக எழுதி வைக்கிற இன்னொரு பதிவும் உண்டு. ஸ்மார்ட்டைத் துடைக்கிறவர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். அதை வாசிக்க ஸ்மார்ட்மொன்டூல்ஸ் என்ற மென்பொருளின் 7.4 பதிப்பாவது வேண்டும். டெபியன் 12 இல் இருந்தது 7.3, அதற்கு ஃபார்ம் என்றால் என்னவென்றே தெரியாது. நல்லகாலம், ஆகஸ்ட் கடைசியில் டெபியன் 13 க்கு ஏற்றியிருந்தேன். கட்டளையைக் கொடுத்தேன்.

31,612 மணி.

என்னுடைய நாலு மாதத்தைக் கழித்தாலும் மூன்று வருடத்துக்கு மேல், இரவு பகலாக, வேறு யாருக்கோ உழைத்த டிஸ்க்.

கடைக்குக் கொண்டுபோனேன். முதலாளி தன் விண்டோஸ் கணினியில் கொழுவிப் பார்த்தார். "இதுக்குள்ள ஒண்டுமில்லையே தம்பி, போர்மட் பண்ணித் தரட்டா?" என்றார். இசட்எஃப்எஸ் என்றால் விண்டோஸுக்குப் புரியாது, அவருக்கும் புரியவில்லை. பிறகு டிஸ்கின் ஆரோக்கியம் பார்க்கிற மென்பொருளைத் திறந்தார். மஞ்சள் காட்டியது.

"மஞ்சள்தானே தம்பி, சிவப்பில்லையே."

"அண்ணன், புது டிஸ்க் நீலமெல்லோ காட்டவேணும்?"

"நீங்க லினக்ஸ் போட்டிருக்கிறீங்க. அதுதான் டிஸ்க்கைத் தின்னுது. லினக்ஸுக்கு வாரண்டி இல்லை."

இருபது வருடமாக லினக்ஸ் பாவிக்கிறேன், அது டிஸ்க் தின்னும் என்று அன்றைக்குத்தான் தெரியும். ஃபார்ம் பதிவைக் காட்டியதும் கதை மாறியது. இது எங்கள் கடையில் வாங்கிய டிஸ்க்தானா என்றார். பில்லை நீட்டினேன். "8 டிபி ஹார்ட் டிஸ்க் 1" என்று மட்டும் எழுதியிருந்தது. சீரியல் நம்பர் இல்லை. நான் முழுதாக விழுந்த இடம் அதுதான். டிஸ்கின் மேல் உள்ள சீரியல் நம்பரைச் சீகேட் தளத்தில் தட்டிப் பார்த்தால், இது வேறொரு இயந்திரத்தோடு சேர்த்து விற்கப்பட்டது, நேரடி வாரண்டி கிடையாது என்று வருகிறது. வாங்குமுன் ஒரு நிமிட வேலை. நான் செய்யவில்லை.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, 1977 என்ற நம்பருக்குப் போன் எடுக்கப்போகிறேன் என்றதும் குரல் தணிந்தது. மாற்றித் தருகிறேன் என்று அதே அலுமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்தார். என் மடிக்கணினியில் அங்கேயே கொழுவினேன். ஸ்மார்ட் 0 மணி. ஃபார்ம் 43,207. கிட்டத்தட்ட ஐந்து வருடம். முந்தினதை விட மூத்தது!

மூன்று முறை அலைந்து 40,000 ரூபாய் வாங்கினேன். மிச்சம் 18,000 எதற்கு என்றால், "நாலு மாசம் பாவிச்சிருக்கிறீங்கதானே தம்பி, அதுக்குக் கழிவு." திருப்பிக் கொடுக்குமுன் முழு டிஸ்கிலும் மேலாக வெற்றுத் தரவை எழுதித் துடைத்தேன், அதற்கே ஒரு இரவு போனது. நீங்களும் அப்படியே கொடுத்துவிடாதீர்கள், வீட்டுப் படங்கள் அடுத்தவன் கைக்குப் போகும்.

ஆகவே சீகேட் என்றால் மடிக்கணினியோடு கடைக்குப் போங்கள், ஃபார்மைப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். சீரியல் நம்பரைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் சாமானை மேசையில் வைத்துவிட்டு வெளியே வாருங்கள். ஃபார்ம் சுத்தமாக இருந்தாலும் திருகாணி ஓட்டையைப் பாருங்கள், ஃபார்மையும் துடைக்கப் பழகிவிட்டார்களாம்.

போன கிழமை கிண்ணியாவிலிருந்து ஒரு நண்பன் அதே கடைக்கு டிஸ்க் வாங்கப் போயிருக்கிறான். வாங்குமுன் படமெடுத்து எனக்கு அனுப்பினான். வெள்ளிப் பை, புது சீல். பெருப்பித்துப் பார்த்தேன். நான் திருப்பிக் கொடுத்த டிஸ்கின் சீரியல் நம்பர். விலை 60,000.